ராக்கெட்டாருக்கு மைக் கொடுக்காத விழா

ராக்கெட்டார்... போய்விட்டீர்களா?

காலையில் டிவியில்தான் கண்டேன். விண்வெளி உடுப்போடு பெரிய படம். எனக்கு ஒருவரும் போன் எடுத்துச் சொல்லவில்லை.

தெரியாத ஆட்களுக்குச் சொல்கிறேன். ஜெர்மன்காரர். இரண்டு தரம் விண்வெளிக்குப் போய் வந்தவர். பிறகு நாங்கள் வந்து குடியேறின இந்த நாட்டுக்கு அவரும் லொங்குய்ய் நகரத்து விண்வெளி நிலையத்தில் வேலைக்கு வந்து, இங்கேயே கலியாணம் கட்டி, பக்கத்தில் இல்-பிசார் என்ற இடத்தில் இருந்தார். மனைவி செத்த பிறகு அவருக்குச் சமைக்க, வீடு கூட்ட நான் போனேன்.

அவருடைய பெயர் என் வாயில் நுழையவில்லை. ராக்கெட்டார் என்பேன். "ஓம்" என்பார். ஆமாம் என்பதற்கு நான் பழக்கின சொல்.

டிவியில் அவருடைய நாட்டுச் சனாதிபதி அவருக்குக் கை கொடுப்பதைக் காட்டுகிறார்கள். ராக்கெட்டார் முகம் போட்ட தபால் முத்திரை, அவர் பெயரில் பள்ளிக்கூடம்... அவருக்கோ அலுத்துப் போயிருந்தது. கடையில் மறித்து, மேலே கக்கூசுக்கு எப்படிப் போவீர்கள் என்றுதான் கேட்பார்கள். "அவ்வளவு உயரம் போய் வந்தேன், எல்லோருக்கும் கக்கூஸ் கதைதான் வேண்டும்" என்று இங்கிலீசில் புறுபுறுப்பார்.

நான் கேட்டது வேறு.

ஊரில் எங்கள் கடைசிச் சண்டை நடந்த நேரம் அவர் மேலே விண்வெளியில் நின்றவர். என் தம்பி முல்லைத்தீவில் நின்றவன். இன்றுவரை தகவல் இல்லை.

ஒரு நாள் ராக்கெட்டார் நான் அவித்த பிட்டுக்கு ஜாம் பூசிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். "அங்கயிருந்து எங்கட ஊர் தெரிஞ்சதோ?" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீசில். கரண்டியை வைத்துவிட்டார்.

"பார்த்தேன். உனக்கு மட்டும் சொல்ல மாட்டேன். உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன்."

அதை நம்பித்தான் எங்கள் தமிழ்ச் சங்க விழாவுக்குக் கூட்டிப் போனேன்.

விளக்கேற்றினார்கள். வரவேற்புரை. பொன்னாடை. பிறகு இன்னொரு பொன்னாடை. மைக்கைப் பிடித்த அண்ணைமார் ஒருவரும் விடவில்லை. தமிழன் அந்தக் காலத்திலேயே வானத்தை அளந்தவன் என்று அந்த மனிதருக்கே வகுப்பு எடுத்தார்கள்... அதுவும் தமிழில்! அவர் கண்ணாடியைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

செயலாளரிடம் ஓடினேன். "அண்ணை, அவரைக் கதைக்க விடுங்கோ."

"ஹோல் பூட்டப் போறாங்கள் தங்கச்சி. சாப்பாடும் ஆறுது. பேந்து ஒருநாள் பாப்பம்."

"பேந்து எப்ப?"

"அதுதான் ரெண்டு பொன்னாடை போட்டாச்சே! வேற என்ன வேணும்?"

எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். அவ்வளவுதான்.

காரில் கேட்டேன். களைத்துப் போயிருந்தார். "திங்கட்கிழமை வா, சொல்கிறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பக்கவாதம். பேச்சும் போய், எழுதுகிற கையும் போய்விட்டது. பிறகும் போனேன். அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு இருப்பேன். இடது கையை மேலே தூக்குவார்... பிறகு விட்டுவிடுவார்.

இன்றைக்கு அதே அண்ணைமார் பொன்னாடை போட்டோவைப் போட்டு "எங்கள் நண்பர்" என்று எழுதியிருக்கிறார்கள். லைக் குவிகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போய் ஆறுதலாக இருங்கள் ராக்கெட்டார். கோபம் உங்களோடு இல்லை.

ஆனால் சொல்லுங்கோ... அண்டைக்கு மேல நிண்டு என்ன கண்டனீங்கள்?