சண்டைப் பாட்டில் ஒரு சிரிப்பு

மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் எங்கள் இசை நாடகத்துக்கு ஒத்திகை. முகூர்த்தம் இல்லாத நாட்களில் மட்டும் கொடுப்பார்கள். சுவரெல்லாம் சாம்பார் வாசனை ஊறிக் கிடப்பதால், பாட மூச்சை இழுத்தாலே பசி எடுக்கும். நடிகர்களுக்கு வசனத்தையும் குரலையும் இந்தப் பக்கத்துப் பேச்சையும் பழக்குவது என் வேலை. நான் செங்கல்பட்டுக்காரன். கடற்கரைக் குடிசையில் நடக்கும் கதையில் எவனாவது "கீது" என்னாமல் "இருக்கிறது" என்று வாயைத் திறந்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

நாயகி சிறுசேரியில் வேலை பார்க்கிற பெண். போனில் வாடிக்கையாளர்களின் புகாரைக் கேட்கிற வேலை. சுருதி சுத்தம், பேச்சும் சீக்கிரமே நாக்கில் உட்கார்ந்துவிட்டது. ஆனால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லும் வீட்டுக்காரரோடு சண்டை போட்டுப் பாட வேண்டிய காட்சியில், சிரித்துக்கொண்டே பாடினாள்.

"தெருவுக்கு வரப் போற. இன்னாத்துக்கும்மா சிரிக்கிற?" என்றேன்.

"சிரிக்கிறேனா சார்?" என்றாள், சிரித்துக்கொண்டே.

ஆபீசில் கொடுத்த பயிற்சியாம். சிரித்த முகத்தோடு பேசினால்தான் குரல் இனிமையாக இருக்கும் என்று மேசையில் கண்ணாடி வைத்துப் பழக்கியிருக்கிறார்கள். எதிராளி குரலை உயர்த்தினால் இவள் உதடு தானாக விரிந்துவிடும்.

நான் விடவில்லை. பல்லிடுக்கில் கார்க் வைத்துப் பேசச் சொன்னேன். வாய் இன்னும் அகலமானது. மேனேஜரை நினைத்துக்கொள் என்றேன். பல்வரிசை முழுதும் தெரிந்தது. கடற்கரையில் நிற்கவைத்து அலையைத் திட்டச் சொன்னேன். பக்கத்தில் நின்ற சுற்றுலாக் குடும்பம் தங்களைத்தான் ஆசையாகக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, போட்டோவுக்குச் சேர்ந்து நின்றது.

இயக்குநர் பொறுமை இழந்தார். "வெள்ளிக்கிழமை முழு ஒத்திகை. அன்னிக்கும் சிரிச்சா வேற பொண்ணுதான்."

அன்று பஸ் நிறுத்தத்தில் அவள் அழுதுவிட்டாள். "நாள் பூரா யார் யாரோ திட்றதுக்கு ஸாரி சொல்றேன் சார். நான் திட்றதுன்னு இருக்கறது இந்த ஒரு பாட்டுதான். அதுவும் போயிடுமா?"

அழும்போதும் உதட்டோரம் லேசாக விரிந்தே இருந்தது. என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டேன்: "பணத்தைத் திருப்பிக் குடுக்க முடியாதுன்னு ஆபீஸ்ல எப்படிச் சொல்லுவ?"

கண்ணைத் துடைத்தாள். குரலை இறக்கினாள். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது சார். ஆனா முடியாது." அவசரமே இல்லை. ஒவ்வொரு சொல்லும் தனியாக வந்து உட்கார்ந்தது. அதே சிரிப்புதான். நான் எதுவும் வாங்கவுமில்லை, திருப்பவுமில்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்கலாம் போலிருந்தது.

"இதாம்மா! சிரிப்பை நிறுத்தாத. அது பாட்டுக்கு இருக்கட்டும். இந்தக் குரலைக் கொண்டா" என்று கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை. வீட்டுக்காரராக நடிப்பவர் கல்பாக்கத்தில் இன்ஜினீயர், இடி போல் குரல். "வூட்ட காலி பண்ணு!" என்று முழங்கியதில் மூலையில் அடுக்கியிருந்த சாம்பார் வாளிகள் அதிர்ந்தன. அவள் தாளம் நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு சிரித்துக்கொண்டே பாடினாள்.

"உன் கஷ்டம் புரியுது அண்ணாத்த. ஆனா இது எங்க வூடு. எங்கியும் போவ மாட்டோம்." ஒரு மூச்சு விட்டு, பாட்டில் இல்லாததையும் சேர்த்தாள். "வேற எதுனா உதவி வோணுமா?"

கதைப்படி வீட்டுக்காரர் அடியாட்களைக் கூப்பிட வேண்டும். அவரோ அவளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சரிம்மா. நீங்களே இருந்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நாடகத்தில் இன்னும் பாதிக்கு மேல் பாக்கி இருந்தது.

இயக்குநர் தலையில் கை வைத்தார். "பொண்ணு இவளேதான். அந்த ஆளைக் கூட்டியாந்து மறுபடி காலி பண்ணச் சொல்லுங்கய்யா!"

வெளியே கை கழுவும் இடத்திலிருந்து அவர் குரல் வந்தது. "நீங்களே சொல்லிப் பாருங்க சார்."