அப்பாவின் கட்டிலருகே ஓர் உதவி ஒப்பந்தம்

உதவுவோம் என்று கைச்சாத்திட்ட நாடே ஒருநாள் படையோடு எல்லை கடந்தால், அந்தக் கைச்சாத்தில் எஞ்சுவது என்ன? பல்கலைக்கழகத்தில் இக்கேள்வியை நூல்களிடம் கேட்டேன். சென்ற மாரியில் அது ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது.

வேலணையில் பிறந்த அப்பா, போரால் இடம்பெயர்ந்து, ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் உழைத்து, பின்னர் ஒஸ்லோவில் பேருந்துச் சாரதியானவர். அயலவர் எவரோடும் மனம் முறியாதவர். நோய் முற்றியபோது அவர் கேட்டது ஒன்றே: வீட்டிலேயே கண்மூட வேண்டும். அம்மாவும் நானும் வேலைக்குப் போகும் பகலில் அவரைத் தூக்கி அமர்த்த இருவர் கிடைக்காவிட்டால் அது கைகூடாது. பராமரிப்பு இல்லத்தில் இடமும் ஆயத்தமாயிருந்தது.

மேல்மாடி யானா அன்ரி வருவதாகச் சொன்னார். கீழ்வீட்டு மாரெக் அங்கிளும் சொன்னார். அன்ரி செக் நாட்டவர், அங்கிள் போலந்துக்காரர். உலகப்போரின் பின், 1947இல், அவ்விரு நாடுகளும் செய்துகொண்ட நட்புறவு, பரஸ்பர உதவி ஒப்பந்தமே என் ஆய்வுப்பொருள். இருபத்தோரு ஆண்டுகள் கழிந்து, 1968இல், வேறு படைகளோடு போலந்துப் படையும் செக் மண்ணில் இறங்கியது. அன்ரி அப்போது சிறுமி. அங்கிள் அந்தப் படையில் கட்டாயச் சேவைச் சிப்பாய். இங்கே ஒரே மின்தூக்கியில்கூட இருவரும் சேர்ந்து ஏறியதில்லை.

நோயாளியைப் பார்க்க வருவோருக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் பழக்கம் எங்களுக்கில்லை. அம்மா இருவரிடமும் "எப்பவும் வாங்கோ" என்று சொல்லிவிட்டார். ஒரு சனிக்கிழமை இருவரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். அன்ரி கழற்றிய மேலங்கியைத் திரும்பவும் எடுத்து, எங்களுக்குப் பொதுவான இந்நாட்டு மொழியில் சொன்னார்:

"இவர் இருந்தா நான் இருக்கமாட்டன்."

"நீங்கள் இருங்கோ, நான் போறன்," என்றார் அங்கிள்.

"சண்டையைப் பிறகு பிடியுங்கோ," என்றார் அப்பா. "நான் கட்டிலாலை வழுக்கிறன். முதல்ல தூக்குங்கோ!"

அம்மா சிரித்துவிட்டார். அன்ரி சிரிக்கவில்லை.

"உதவிக்கெண்டு வந்த ஆமியை எங்கடை ஊரிலை நாங்களும் கண்டனாங்கள், யானா," என்றார் அப்பா. " உங்கடை கோபம் எனக்கு விளங்கும். ஆனா நான் வீட்டிலை சாகவேணும்."

அன்ரி மேலங்கியைக் கதிரையில் போட்டார். அப்பாவுக்குக் கீழிருந்த விரிப்பை இருபுறமும் இருவரும் பிடித்து, தத்தம் மொழியில் எண்ணினார்கள்: "யெடென், த்வா..." இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே ஒலி. அப்பா நோவின்றித் தலையணையில் சாய்ந்தார். அமைச்சர்கள் காகிதத்தில் எழுதிய 'பரஸ்பர உதவி' என்னும் சொற்களுக்கு எடை உண்டென்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். அது 1968ஐ அழித்துவிடவில்லை. அன்ரி மன்னித்தாரா என்று நான் இன்றுவரை கேட்கவுமில்லை.

"நாளைக்கு எத்தினை மணிக்கு?" அங்கிளின் முகத்தைப் பாராமலே அன்ரி கேட்டார்.

"நீங்கள் சொல்லுற நேரம்."

இறுதிவரை இருவரும் வந்தார்கள். அப்பா தம் வீட்டில், அம்மாவின் கையைப் பற்றியபடி, அமைதியடைந்தார். வீடு தேடி வந்த தாதியருக்கும், துரொண்ட்ஹெய்மிலிருந்து பனியிலும் ஓடிவந்த உறவினருக்கும், இறுதிக் கிரியைகளில் உடன்நின்ற அனைவருக்கும் எம் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

மாரெக் அங்கிளின் வீட்டுக் கதவைத் திறக்கும் திறப்பு ஒன்று இப்போது யானா அன்ரியிடம் இருக்கிறது.