விட்பி மைதானத்தில் நான் கத்திய ஒரு சொல்

போன ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை, கனடாவில் ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள விட்பி நகருக்குப் போனோம். ஒன்பது வயது மகள் ஆரணியின் பேஸ்பால் அணிக்கு அன்று பருவத்தின் கடைசி ஆட்டம். அதுவரை அவள் ஒரு பந்தைக்கூட அடித்திருக்கவில்லை. காரில் ஏறும்போதே சொல்லிவிட்டாள்: “அப்பா, இண்டைக்கும் ஹிட் வரேல்லையெண்டா ஐ’ம் டன். அடுத்த வருசம் வரமாட்டன்.”

எங்கள் வீடு இருக்கும் மில்லிக்கனில் இருந்து காலை எட்டேகாலுக்குப் புறப்பட்டோம். 401 நெடுஞ்சாலையில் கிழக்கே கிட்டத்தட்ட நாற்பது கிலோமீற்றர். பிக்கரிங் பக்கம் வாகனங்கள் ஊர்ந்ததால் ஒரு மணித்தியாலம் பிடித்தது. கார் நிறுத்த இலவசம், ஆனால் நிழல் கிடையாது.

பிள்ளைகள் ஓடிக் குதித்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருக்க, பயிற்சியாளர் சுகந்தியிடம் இந்தச் சிறுவர் பேஸ்பாலின் கதையைக் கேட்டேன். 1930களின் கடைசியில் பென்சில்வேனியாவில் ஒருவர் தன் குடும்பத்துச் சிறுவர்களுக்காக மைதானத்தின் அளவையே சுருக்கி, அணிகள் அமைத்துத் தொடங்கினாராம். பெண்பிள்ளைகளைச் சேர்க்கப் பல பத்தாண்டுகள் ஆனதாம். “பெரிய ஆக்களின்ர கிரவுண்டில சின்னனுகள் ஓடேலாது எண்டு அந்தாளுக்கு விளங்கியிருக்கு, அண்ணை” என்றார்.

மூன்றாவது சுற்றில் ஆரணியின் மட்டையில் பந்து பட்டது. உருண்டோடியது. அவளும் முதல் தளத்தை நோக்கி ஓடினாள். எதிரணிப் பிள்ளை குனிந்து பந்தைப் பொறுக்கியதைக் கண்டதும், இருபது வருடம் கிரிக்கெட் ஆடிய என் வாய் தானாகத் திறந்தது: “நில்!”

வீட்டில் பத்துத் தரம் கூப்பிட்டாலும் திரும்பாதவள், அன்று ஒரே சொல்லில் நின்றுவிட்டாள். பந்து அவளுக்கு முன்பே தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவுட்.

“அண்ணை, உது கிரிக்கெட் இல்லை. இஞ்ச அடிச்சா ஓடத்தான் வேணும்” என்றார் சுகந்தி. எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. ஆரணி அழுதபடி அவளுடைய அணிப் பிள்ளைகள் இருந்த வாங்குக்குப் போனாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஒருத்தி தள்ளியிருந்து இடம் கொடுத்தாள், இன்னொருத்தி சூரியகாந்தி விதைப் பையை நீட்டினாள். பத்தில் ஏழு தரம் தவறுபவரையும் கெட்டிக்காரர் என்று சொல்லும் விளையாட்டு இது. தவறினால் என்ன செய்வது என்று என் மகளை விட நான்தான் அன்று அதிகம் கற்றேன்.

கொஞ்ச நேரத்தில் நான் நின்ற வேலியோரம் ஆரணி வந்தாள். “அப்பா, ஒண்டும் சொல்லாதேங்கோ. ப்ளீஸ். கையை மட்டும் தட்டுங்கோ.”

கடைசிச் சுற்றில் மறுபடியும் அடித்தாள். மறுபடியும் எதிரணியில் ஒருத்தி பந்தைப் பொறுக்கக் குனிந்தாள். நான் வியர்வை துடைக்கத் தோளில் போட்டிருந்த துவாயை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். இம்முறை பந்துக்கு முன்னால் ஆரணி தளத்தை மிதித்தாள். கை தட்டவும் மறந்து அழுதுவிட்டேன். அணி என்னவோ தோற்றுத்தான் போனது.

போகிறவர்கள் மடக்குக் கதிரையும் தொப்பியும் நிறையத் தண்ணீரும் எடுத்துப் போங்கள். ஆட்டத்துக்கு அரை மணித்தியாலம் முன்பே போய்விட்டால் வேலியோரம் இடம் கிடைக்கும்.

திரும்பும்போது பின்இருக்கையில் இருந்து குரல் வந்தது: “அப்பா, அடுத்த வருசமும் நீங்கள்தானே கூட்டிக்கொண்டு வருவீங்கள்?”

“ஓம்.”

“அப்ப துவாயை மறக்காதேங்கோ.”