முடிவெட்டுக் கடைக் கோட்டு

மருத்துவம் படித்துக்கொண்டிருந்த வேலுவின் படிப்பைக் கெடுத்தவன் நான்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது.

நேற்று சாப்பாட்டுக் கடையில் மருத்துவ மாணவர்கள் சிலர் ஆய்வகத்தில் போடும் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்து மீன் தலைக் கறி தின்றார்கள். நாலு பேர் பார்ப்பார்கள் என்றால் கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்திருப்பார்கள். என்ன பகட்டு! ஆனால் என்னை உரசிப்போன ஒருவனின் கோட்டில் கஞ்சி வாசம் அடித்தது. அது என்னை நான் வளர்ந்த காஜா பெராங்கில் கொண்டுபோய் விட்டது.

சுதந்திரம் வந்த 1957ஆம் வருடம் அது. பக்கத்து வீட்டு முடிவெட்டுக்காரரின் மகன் வேலு. சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் என் அண்ணனோடு ஒரே வகுப்பு.

"கத்தி பிடிக்கிற குடும்பம்தானே!" என்று என் அப்பா பத்திரிகைக்குப் பின்னாலிருந்து இளிப்பார்.

வேலுவிடம் ஒரே ஒரு கோட்டுதான் இருந்தது. மாற்றுக்கு, கடையில் தான் போடும் வெள்ளைக் கோட்டை அவருடைய அப்பா கொடுத்தார். வேலுவின் அம்மா அதைப் பிரித்துத் தைத்து, மரவள்ளிக் கஞ்சி போட்டு உலர்த்தினார். விடுமுறைக்கு வந்திருந்த அண்ணனிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவன் வகுப்பு முழுக்கச் சொன்னான்.

"டாக்டரே, பொணத்துக்குக் கிருதா எடுத்து விடுங்க!"

அடுத்த தவணைக்கு வேலு கல்லூரிக்குப் போகவில்லை. தன் அப்பாவின் கடையில் கத்தரி பிடித்தார்.

நாற்பது வயதில் அவரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"உங்க பிள்ளைங்ககிட்டயும் நானே சொல்லிடுறேண்ணே."

"வேணாண்டா. அப்பா பரீட்சையில பெயிலாயிட்டாருன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. நாலு பேரு சிரிச்சதுக்குப் பயந்து ஓடி வந்தேன்னு தெரிய வேணாம்."

அதனால் இங்கே அவர் பெயரை மாற்றியிருக்கிறேன்.