பிடித்துத் தைத்த ஜாக்கெட்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். எறையூர் பக்கம் கரும்பு வெட்டினேன். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக இருந்தேன். திருப்பூரில் ஒரு மெஸ்ஸில் இட்லி ஊற்றினேன். எங்கேயும் நிலைத்ததில்லை. அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்று போன் வந்தபோது ஆண்டிமடம் திரும்பினேன். மாமா வெளிநாட்டில் கட்டட வேலையில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஆள் வேண்டும். வேலை வெட்டி இல்லாத ஆள் நான்தான்.

ஆபரேஷன், மருந்து ஏற்றுவது, கரண்ட் வைப்பது என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சு எல்லாம் முடிந்து நோய் போய்விட்டது. போன இடத்தில் எடை வந்து உட்கார்ந்துகொண்டது. மாத்திரையால் கொஞ்சம், படுத்தே கிடந்ததால் கொஞ்சம், பார்க்க வந்தவர்கள் ஊட்டிவிட்டுப் போனது மீதி. தரையில் உட்கார்ந்தால் அக்காவைத் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அவளுக்கு முந்திரி உடைக்கும் கொட்டகைக்குத் திரும்பிப் போக வேண்டும். அது ஒன்றுதான் ஆசை. அங்கே எல்லாரும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துதான் உடைப்பார்கள். ஊர்வம்பும் சிரிப்பும் அங்கேதான். "சேர் போட்டு ஒக்காந்து ஒடையேன்" என்றேன். "மகாராணி வந்துட்டாங்கன்னு என் மண்டையில ஒடைப்பாளுங்க" என்றாள்.

பெரம்பலூரில் நாங்கள் போன ஆஸ்பத்திரியில், சிகிச்சை முடிந்தவர்களுக்கு வாராவாரம் எடை குறைக்கும் வகுப்பு நடத்தினார்கள். எடை பார்ப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்வார்கள். "பட்டினி கெடக்க வேணாம்மா. தட்டுல சோத்தைக் கொறைச்சு காயைக் கூட்டுங்க, தெனம் நடங்க" என்றார் நர்ஸ்.

காலையில் முந்திரித் தோப்பு வழியாக நடந்தோம். போக்கிடம் இல்லாமல் நடப்பது எனக்குப் பழக்கம். அக்காவுக்கு வெட்கம். வெறும் தூக்குவாளி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். எதிரே வருபவர்கள் "பாலுக்கா?" என்றால் "ஆமா" என்பாள். பால்காரர் வீடு எதிர்த் திசையில் இருந்தது.

சில மாதம் கழித்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையிலிருந்து தானாகவே எழுந்தாள். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்துப் போக, தெருக்கோடித் தையல்காரம்மாவிடம் பிடித்துத் தைக்கக் கொடுத்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. அந்த நோய் கண்டவள் இளைத்தால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கொட்டகைப் பெண்கள் ஆப்பிளும் பிரெட்டுமாக வந்து, பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். பூலாம்பாடியிலிருந்து சின்னம்மா பஸ் மாறி மாறி, உயிரோடு ஒரு நாட்டுக்கோழியைத் தூக்கிக்கொண்டு வந்து, வாசலிலேயே அழ ஆரம்பித்தாள்.

"ஏன் சின்னம்மா அழுவுற? நான் நடந்து எளைச்சேன்."

"நடந்து யாருடி எளைக்கிறா? நானுந்தான் நடக்குறேன்."

சின்னம்மா நல்ல கனம்.

மறுநாள் அக்கா நடக்க வரவில்லை. கால் வலி என்றாள். கோழிக் குழம்பை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டாள். பிரெட்டைச் சர்க்கரை தொட்டுத் தின்றாள். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். ஆசைக்குத் தின்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் முகத்தில் ருசி தெரியவில்லை.

"என்னக்கா இது?"

"தின்னு பாக்குறேன்டா. ஒடம்பு ஏறுச்சுன்னா நான் நடந்துதான் எளைச்சிருக்கேன். ஏறலன்னா அது திரும்ப வந்துருச்சு."

பசியில் கிடந்திருக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன். அந்தப் பயம் எனக்குத் தெரியாது. தட்டைக் கழுவி வைத்தேன்.

அடுத்த வகுப்பில் எடை மெஷின் மேல் ஏறினாள். முள் நகர்ந்ததைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர்.

"ஏறியிருக்கும்மா. இதுக்கா சிரிக்கிறீங்க?" என்றார் நர்ஸ்.

அக்கா தின்று பார்த்த கதையைச் சொன்னாள். நர்ஸ் திட்டவில்லை. வரிசையில் நின்ற ஒரு அம்மா, "நானும் அப்படித்தான் தின்னு பாத்தேன். எனக்குப் பொங்கல் நேரம், வசதியாப் போச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நர்ஸ் அக்காவை டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். "பயம் வந்தா எங்ககிட்ட வாங்க. வயித்த வச்சு டெஸ்ட் பண்ணாதீங்க" என்று சொல்லி அனுப்பினார் நர்ஸ்.

மறுநாள் தூக்குவாளி மறுபடி கிளம்பியது. ஏறிய எடை இறங்கியதும் அக்கா மறுபடி தையல்காரம்மாவிடம் போனாள். "நடந்துதான் எளைச்சேன். இந்தத் தடவ ஜாக்கெட்டோட ஒன் வாயையும் சேத்துத் தையி" என்றாள். அந்தம்மா கோபித்துக்கொள்ளவில்லை.

ஒரு திங்கட்கிழமை கொட்டகைக்குப் போனாள். கூடவே நானும் போய் வாசலில் நின்றேன். மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது பக்கத்தில் இருந்தவள் கை நீட்டினாள். அக்கா அந்தக் கையைத் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, மெதுவாகத் தானே எழுந்தாள். மடியில் இருந்த முந்திரித் தோலை உதறினாள். "நீ போடா, இன்னும் எதுக்கு நிக்கிற?" என்றாள்.