மூன்று தையல்

அக்கா தைக்கும் எந்த உடுப்பிலும் இடுப்புப் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு உள்ளே துணி இருக்கும். அதில் மூன்று வரிசையாகத் தையல் ஓடும். முதல் வரிசை இன்றைய உடம்புக்கு. உடம்பு போட்டால் அதைப் பிரித்துவிடலாம், இரண்டாவது தாங்கும். இன்னும் போட்டால் மூன்றாவது. ஊரில் எல்லாத் தையல்காரர்களும் செய்கிற காரியம்தானே என்று யாராவது சொல்லிவிட்டால் அக்காவுக்குப் பொறுக்காது.

"அவங்க விடுறது அரை விரல். அதுல எறும்புகூட நுழையாது" என்பாள்.

மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி, இரண்டு அறை வீடு. முன்னறையில் சன்னலை ஒட்டித் தையல் மெஷின். எதிரே துணி வெட்டும் மேசை. சாப்பாட்டுத் தட்டோ தேநீர்க் கோப்பையோ அந்த மேசைமேல் ஒரு நாளும் ஏறியதில்லை. நூல்கண்டுகள் நிற வரிசையில் இருக்கும். கத்தரி மூன்று. ஒன்று துணிக்கு, ஒன்று நூலுக்கு, ஒன்று காகிதத்துக்கு. துணிக் கத்தரியை எடுத்துக் காகிதம் வெட்டினால் அன்றைக்கு வீட்டில் இடி இடிக்கும். வெட்டுகிற ஆள் வேறு யார், தங்கைதான். அந்த வீட்டில் இருந்ததே அக்காவும் தங்கையும் மட்டும்.

அம்மா போனபோது அக்காவுக்குப் பதினைந்து வயது, சின்னவளுக்கு ஏழு. அப்பா சரக்கு லாரி ஓட்டினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போவார். அக்கா ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாள். மாலை வகுப்பில் தையல் படித்து, அவள் முதல்முதலில் முழுசாகத் தைத்தது சின்னவளின் பள்ளிச் சீருடை. இரண்டு விரல் துணி, மூன்று தையல், கீழே நான்கு விரல் மடிப்பு. அந்த ஒரே சீருடை நான்கு வருடம் சின்னவளோடு கூடவே வளர்ந்தது. தலைமையாசிரியை அக்காவைக் கூப்பிட்டனுப்பி, சீருடையின் உள்பக்கத்தைத் திருப்பி மற்ற ஆசிரியைகளுக்குக் காட்டி, "இந்தப் பொண்ணு கைவேலையைப் பாருங்க" என்றாராம். அந்த நாளை அக்கா இன்றைக்கும் இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறாள்.

சின்னவள் பட்டம் வாங்கினாள். பெரிய மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் கோப்புகளைப் பாதுகாக்கும் பிரிவில் வேலை கிடைத்தது. "படிச்சவ அவ, படிக்க வெச்சவ நான்" என்று வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே வருகிறவர்களிடமெல்லாம் அக்கா சொல்வாள். இருபத்தாறு வயதில் ஒரு சம்பந்தம் கூடிவந்தது. அதற்காக அக்கா தைத்த உடுப்பில் வழக்கத்தை மீறி நான்கு விரல் துணி விட்டாள். "நாளைக்குப் பிள்ளை பெத்தா உடம்பு விரியும்ல" என்று மாப்பிள்ளையின் அம்மா காதுபடவே சொன்னாள். சம்பந்தம் வேறு காரணத்தால் கலைந்துபோனது. உடுப்பு அலமாரியின் அடித்தட்டில் அப்படியே இருக்கிறது, நான்கு விரலோடு.

அதற்குப்பின் சின்னவளை நிற்கவைத்து அளவெடுக்க வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றவே இல்லை. அவளிடம் ஒரு நோட்டு உண்டு. ஏழு வயதிலிருந்து சின்னவளின் தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் எல்லாம் தேதி போட்டு, மணிமணியான எழுத்தில். இருபத்தாறு வயதுவரை எழுதியவை டேப் பிடித்து எழுதியவை. அதற்கு மேலே எழுதியவை அக்காவின் கணிப்பு. வயது ஏற ஏற உடம்பும் ஏறும் அல்லவா. இரண்டு வருடத்துக்கு அரை அங்குலம் என்று கூட்டிக்கொண்டே வந்தாள். பள்ளி நாட்களுக்குப்பின் சின்னவளின் எந்த உடுப்பிலும் முதல் தையலைப் பிரிக்கும் தேவையே வரவில்லை என்பது அவள் கண்ணில் படவில்லை.

கோப்புப் பிரிவு தரைக்குக் கீழே இருந்தது. பதினாறு வருடம் சின்னவள் இரும்பு அலமாரிகளுக்கு நடுவே நடந்தாள். அவள் என்ன உடுத்தியிருக்கிறாள் என்று பார்க்க அங்கே ஆளில்லை. நாற்பது வயது நிறைய ஒரு வாரம் இருக்கும்போது அவளைப் பிரிவின் பொறுப்பாளராக்கி, மேலே கண்ணாடி போட்ட முன் கவுண்டருக்கு வரச் சொன்னார்கள்.

அன்று மாலை செருப்பைக்கூடக் கழற்றாமல் மெஷின் பக்கம் வந்து நின்றாள்.

"அக்கா, எனக்கு ரெண்டு சட்டை, ஒரு பேன்ட் தெச்சுக் குடு."

"அதுக்கென்ன. நீலத்துல ஒரு துணி உனக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன்."

"முழுசாக் கேளு. உள்ள துணி விடக்கூடாது. ஒரு தையல் போதும்."

அக்கா வாயிலிருந்த குண்டூசியை எடுத்து ஊசிமெத்தையில் குத்தினாள். "நாளைக்கு உடம்பு போட்டா?"

"நாளைக்கு வர்றவளுக்கு நாளைக்குத் தெச்சுக்கலாம். இப்ப நான் போட்டுக்கணும்."

"யாருடி உனக்கு இதெல்லாம் ஓதுறது?"

"நாப்பது வயசாகப் போகுது. இதுக்கும் ஒருத்தர் ஓதணுமா?" சின்னவள் தன் சட்டையை இடுப்பருகே ஒரு கையால் கொத்தாகப் பிடித்துக் காட்டினாள். "இன்னிக்கு மேல போய் நின்னேன். கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கிற பொண்ணு, நேத்து வேலைக்குச் சேர்ந்தது, கேக்குது. 'மேடம், இந்தச் சட்டைக்குள்ள இன்னொருத்தர் இருக்காங்களா?'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"நீ எதுக்குச் சிரிச்சே?"

"வேற என்ன பண்றது?"

அக்கா நோட்டை எடுத்தாள். சின்னவள் அதை வாங்கி மூடி மேசைமேல் வைத்தாள். "அது வேணாம். டேப்பை எடு."

பதினான்கு வருடம் கழித்து அக்கா தங்கையின் மேல் டேப் வைத்தாள். நோட்டில் கடைசியாக மார்பு முப்பத்தெட்டரை என்று இருந்தது. டேப் முப்பத்துநான்கு என்றது. அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பிடித்தாள். முப்பத்துநான்கு.

"இந்த டேப் பழசு. இழுபட்டுப் போச்சு."

"புதுசு இருக்கில்ல, அதுல எடு."

புதிய டேப்பும் முப்பத்துநான்கே சொன்னது. அக்கா இடுப்பை அளந்தாள், தோளை அளந்தாள். ஒவ்வோர் எண்ணும் குறைந்தே வந்தது. பக்கத்தில் நிற்கிற பெண் அவள் நோட்டில் இருக்கிற பெண் இல்லை. "சரியாச் சாப்பிடுறதில்ல நீ" என்றாள் கடைசியில்.

மறுநாள் துணியை மேசைமேல் விரித்து சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். தங்கை கேட்டபடி, உடம்போடு ஒட்டிய கோடு. கத்தரி கோட்டின் பக்கம் போனதும் கை தானாக வெளியே ஒதுங்கியது. ஒருமுறை வெட்டி எறிந்தால் திரும்ப ஒட்டிக்கொள்ளுமா? நாளைக்கே சின்னவள் கொஞ்சம் சதை போட்டு, "அக்கா, பிரிச்சுக் குடு" என்று வந்து நிற்கிறாள், அப்போது எதைப் பிரிப்பது? அப்படி வந்து நிற்காமலே போய்விட்டால் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதை அக்கா தள்ளிவிட்டாள்.

இரண்டு விரல் விட்டே வெட்டினாள். வெளியே பார்த்தால் சட்டை சொன்ன அளவுக்கு ஒரு நூல் கூடுதல் இல்லை. உள்ளே விட்ட துணியை அழுத்தி இஸ்திரி போட்டு, அதே நீலத்தில் மெல்லிய பட்டி வைத்து மூடி, கைத்தையலால் பிடித்துவிட்டாள். அந்த வேலை மட்டும் இரண்டு பகல் எடுத்தது. பேன்ட்டிலும் அப்படியே. தன் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒன்றைத் தைத்ததில்லை என்று அவளுக்கே தோன்றியது. அப்போது அவளுக்குப் பொய் சொல்கிற உணர்வே இல்லை.

நாற்பது நிறைந்த காலையில் சின்னவள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். தோள் இருக்கிற இடத்தில் சட்டையின் தோள் இருந்தது. பழக்கத்தில் கை இடுப்புப் பக்கம் போய்த் துணியைப் பிடித்து இழுத்துவிடப் பார்த்தது. பிடிக்க ஒன்றும் இல்லை. பக்கவாட்டில் திரும்பினாள், மறுபக்கம் திரும்பினாள்.

"அக்கா."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு."

முப்பத்து மூன்று வருடத்தில் சின்னவள் தானாகச் சொன்ன முதல் "நல்லா இருக்கு." அவள் தெருவில் நடந்து போவதை அக்கா சன்னலில் நின்று முனை திரும்பும்வரை பார்த்தாள். கீழ்வீட்டு நர்ஸ் வாசலில் நின்றவள் அண்ணாந்து, "யாரோ புதுசா குடி வந்துட்டாங்களோன்னு பார்த்தேன், உங்க தங்கச்சியா?" என்றாள்.

"என் கைதான்" என்றாள் அக்கா.

அந்தச் சந்தோஷம் நான்கு நாள் நின்றது. ஞாயிற்றுக்கிழமை அக்கா பட்டன் வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது, சின்னவள் துவைத்த சட்டையைத் தானே இஸ்திரி போட எடுத்திருக்கிறாள். பக்கவாட்டில் இஸ்திரிப்பெட்டி எதன்மேலோ ஏறி இறங்கியிருக்கிறது. அக்கா திரும்பி வந்தபோது சட்டை உள்பக்கம் வெளியே தெரிய வெட்டும் மேசைமேல் கிடந்தது. பக்கத்தில் பிளேடு. பட்டி பிரிந்து, உள்ளேயிருந்த துணி நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. மூன்று வரிசைத் தையலும் பளிச்சென்று தெரிந்தது.

"இது யாருக்கு?" என்றாள் சின்னவள்.

"உனக்குத்தான். வேற யாருக்கு?"

"நான் இங்க நிக்கிறேன். அளவெடுத்தே. முப்பத்துநாலு. இந்த ரெண்டு விரல் யாருக்கு?"

"இருந்துட்டுப் போகுது, அது உன்னைக் கடிக்குதா? வெளிய ஒரு ஆளுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியணும்னுகூட உனக்குத் தோணலையே. ஒளிச்சு வெச்சுத் தெச்சிருக்கே."

"உன் நல்லதுக்குத்தாண்டி."

"ஏழு வயசுல நான் பெரியவளாவேன்னு விட்டே, சரி. அப்புறம் காலேஜுக்கு. அப்புறம் கல்யாணத்துக்கு. அப்புறம் பிறக்காத பிள்ளைக்கு. இப்பக் கெழவியாகுறதுக்கு. எனக்குன்னு நீ எப்பக்கா தெச்சே?"

அக்காவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஒன்பதாம் வகுப்பு இருந்தது, அந்தச் சீருடை இருந்தது, தனக்கு வந்த சம்பந்தங்களைத் திருப்பி அனுப்பியது இருந்தது. வாய் திறந்தபோது வந்தது வேறு. "அந்தப் பட்டியைப் பிரிக்கிறப்ப சட்டையைக் கிழிச்சிருக்கே பாரு."

சின்னவள் அலமாரியைத் திறந்தாள். பதினாறு வருட உடுப்புகளை அள்ளி மூன்று பைகளில் திணித்தாள். அடித்தட்டில் இருந்ததையும் விடவில்லை. பைகளைக் கொண்டுவந்து மெஷின் காலடியில் வைத்தாள்.

"உனக்கு உபயோகப்படும். உள்ள நிறையத் துணி இருக்கு."

அடுத்த வாரம் கடையிலிருந்து நான்கு ஆயத்தச் சட்டைகள் வந்தன. ஒன்றின் காலர் ஒரு பக்கம் தூக்கியிருந்தது, இன்னொன்று முதுகில் இழுத்துப் பிடித்தது. உள்ளே கால்வாசி விரல் துணிகூட இல்லை. பார்த்த மாத்திரத்தில் அக்காவுக்கு எல்லாக் குறையும் தெரிந்தது. சின்னவள் அவற்றையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள். சாப்பிட்டாயா, தண்ணீர் வந்ததா என்ற அளவில் பேச்சு இருந்தது. அந்தக் கடைச் சட்டைகளில் நீலமாக இருந்த ஒன்றுக்குக் கை நீளம், விரல்வரை வந்து விழுந்தது. அதையாவது கொண்டுவருவாள் என்று அக்கா அதே நீலத்தில் நூல் ஏற்றிய பாபினைத் தயாராக வைத்திருந்தாள். இரண்டு நாள், மூன்று நாள். சட்டை வரவில்லை. நீள நீளமாகத் தொங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மழை வருகிற மாதிரி இருந்தது. அக்கா மொட்டைமாடிக்கு ஓடிக் கொடியில் கிடந்ததையெல்லாம் அள்ளிவந்தாள். பழக்கத்தில் எல்லாவற்றையும் இஸ்திரி போட ஆரம்பித்தாள். அந்த நீலச் சட்டையும் கைக்கு வந்தது. கை நீளம் இப்போது சரியாக இருந்தது.

திருப்பிப் பார்த்தாள். நீலத் துணியில் வெள்ளை நூல். தையல் பாதிவரை நேராக வந்து அப்புறம் சாய்ந்து ஓடியிருந்தது. யாருடைய கை என்று யோசிக்கவே வேண்டாம். தெருமுனையில் படிக்கட்டுக்கு அடியில் மெஷின் போட்டு, கடைத்துணிகளைக் குட்டையாக்கித் தரும் மனிதர். வீட்டைத் தாண்டித்தான் அவரிடம் போக வேண்டும். சின்னவள் பையில் இந்தச் சட்டையை வைத்துக்கொண்டு இந்தச் சன்னலைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

பாபின் மேசைமேல் இருந்தது. பிரித்துவிட்டு நேராக அடிக்கக் கால் மணி நேரம் போதும். அக்கா பிளேடைக் கையில் எடுத்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

கீழ்வீட்டு நர்ஸ், காகிதத்தில் சுற்றிய வெள்ளைத் துணியோடு. "அக்கா, ரெண்டு யூனிபார்ம். வழக்கம்போல உள்ள தாராளமா விட்டுடுங்க." பேசிக்கொண்டே மேசைமேல் கிடந்த சட்டைக் கையை விரலால் திருப்பினாள். வருடக்கணக்காக அக்காவிடம் தைத்துப் போட்ட கண். "ஐயோ, என்ன இது, பாம்பு போன மாதிரி இருக்கு. யார் தெச்சது?"

தெருமுனைக்காரர் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த கேள்வி உடனே வரும். வீட்டில் மெஷினை வைத்துக்கொண்டு தங்கை ஏன் அங்கே போனாள்? நாளைக்குக் கட்டடம் முழுக்க அதே கேள்விதான்.

"நான்தான்" என்றாள் அக்கா.

"நீங்களா?" நர்ஸ் தையலைப் பார்த்தாள், அக்காவின் கண்ணாடியைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள், நோயாளிகளிடம் பேசுகிற குரல். "கண்ணை ஒரு தடவை காட்டிடுங்கக்கா. நூல் நிறமே தெரியல உங்களுக்கு."

"ஆமா. வயசாகுதில்ல."

நர்ஸ் கையிலிருந்த பொட்டலத்தை மேசைமேல் வைக்கப் போனவள் வைக்கவில்லை. "இதுக்கு ஒண்ணும் அவசரமில்ல. கண்ணாடி மாத்திட்டுச் சொல்லுங்க, கொண்டாந்து தர்றேன்." படியிறங்கும் சத்தம் முதல் மாடி தாண்டி அடங்கும்வரை அக்கா அங்கேயே நின்றாள்.

பிறகு பிளேடை டப்பாவில் போட்டு மூடினாள். இனி அந்தத் தையலைப் பிரிக்க முடியாது. அது அவள் தைத்ததாகிவிட்டது. சட்டைக் கையை மேசைமேல் நீட்டித் தண்ணீர் தெளித்து, சூடு ஏறிய இஸ்திரிப்பெட்டியை அதன்மேல் வைத்து அழுத்தினாள். கோணல் இன்னும் நன்றாகப் படிந்தது.