அண்ணன் தோப்பில் விழுந்த கம்பி

பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தேன் என்றால், நான் துப்பாக்கியோடு பிறந்தவன் என்று ஊரில் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே நான் பிடித்தது கரண்டி. முன்னூறு பேருக்குச் சப்பாத்தி போட்டவன். அதனால், பன்றித் தொல்லைக்காக லைசென்ஸ் வாங்கி, குழல்வாய் வழியே வெடிமருந்து இடிக்கிற புதுத் துப்பாக்கியைத் திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்தபோது உள்ளுக்குள் எனக்கு உதறல்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மீசை வைத்திருக்கிறேனே.

புளியறைக்குப் போகிற வழியில், மலையை ஒட்டி எனக்கு ஒரு ஏக்கர் மரச்சீனிக் கிழங்கு. காட்டுப்பன்றி வந்து பாதியைக் கிண்டிப் போட்டது நிஜம். ஆனால் பன்றிக்காகத்தான் துப்பாக்கி வாங்கினேன் என்றால் அது பாதிப் பொய். எங்கள் பக்கம் வயலில் வெடி போடுகிறவன் முதலில் நாலு பக்கமும் சத்தம் கொடுக்க வேண்டும். பக்கத்து வயல்காரர்கள் பதில் சொன்ன பிறகுதான் விசையில் விரல் வைக்கலாம். எப்பேர்ப்பட்ட பகையாளியும் பதில் சொல்லியாக வேண்டும், உயிர் விஷயம். எனக்கு மேற்கே இருக்கிற தென்னந்தோப்பு என் அண்ணனுடையது. அண்ணன் என்னோடு பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது.

தப்பு என்னுடையதுதான். மகள் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் நேரில் போய், தாம்பூலத் தட்டில் பத்திரிகை வைத்தேன். கீழப்பாவூரில் ஒன்றுவிட்ட மாமா வீடு பூட்டியிருந்தது என்று இரண்டாம் தடவையும் போனேன். அண்ணனுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கூடப் பிறந்தவருக்கு என்ன சம்பிரதாயம், நம்ம வீடுதானே என்று நினைப்பு. மனைவி படித்துப் படித்துச் சொன்னாள். கேட்டால்தானே! தாலி கட்டுகிற நேரத்திலும் நான் மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வரவில்லை.

அதற்கப்புறம் தோப்பில் அவர் நாயை அதட்டுவது மட்டும் கேட்கும். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றுவிடுவேன். சின்ன வயசில் என்னைத் திட்டிய அதே வசவுகள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாய்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னையும் அப்படி நாலு திட்டுத் திட்டமாட்டாரா என்று ஏங்கிப்போனேன்.

சாரல் இரண்டு நாள் விட்டிருந்த ஒரு காலையில், மருந்து நமுத்துப்போவதற்கு முன்னால் பார்த்துவிடலாம் என்று துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனேன். குறி பார்க்க ஒரு கிழிந்த முறத்தை மேற்கு வேலியோரம், வடகோடி மண்திட்டில் சாய்த்து வைத்தேன். குழலுக்குள் மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, இரும்புக் கம்பியால் இடித்தேன். ஈய ரவையைப் போட்டு, மேலே இன்னும் கொஞ்சம் நார் வைத்து மறுபடி இடித்தேன். கம்பி குழலுக்குள் இருக்கும்போதே, வெடி போடப் போகிறேன் என்று நாலு திசைக்கும் கத்தினேன்.

மூன்று பக்கமிருந்தும் பதில் வந்தது. மேற்கே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குக் கேட்டிருக்காது என்று இன்னொரு தடவை கத்தினேன். மோட்டார் நின்றது. பதில் இல்லை. ஒரு பீடி குடிக்கிற நேரம் நின்றிருப்பேன். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம், தென்கோடியிலிருந்து ஒரு செருமல். அண்ணனுடைய செருமல்தான், ஆயிரம் பேருக்கு நடுவிலும் எனக்குத் தெரியும்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மருந்தைப் பற்றவைக்கிற கேப்பைப் பொருத்தினேன், விசையைத் தட்டினேன். தோள்பட்டை கழன்றதுபோல் ஒரு அடி, கண்ணெல்லாம் புகை. புகை விலகிப் பார்த்தால் முறம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. கையில் துப்பாக்கி இருக்கிறது. கம்பியைக் காணோம். குழலிலிருந்து உருவாமலே சுட்டிருக்கிறேன். அது வேலியைத் தாண்டி அண்ணன் தோப்புக்குள் பாய்ந்திருந்தது.

"அண்ணே!" என்று கத்திக்கொண்டு வேலிக்கு ஓடினேன். அண்ணன் கம்பியும் கையுமாக வந்துகொண்டிருந்தார். ஒரு கீறல் இல்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற தென்னை மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இரும்பு ஒண்ணு இங்கன வந்து விழுந்துருக்கு. உடையவன் வீட்டுக்கு வந்து வாங்கிக்கிடட்டும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பீரோவைத் திறந்து ஒரு கவரை எடுத்தாள். மூலைகளில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. மேலே அண்ணன் பெயர், என் கையெழுத்தில். எழுதிவிட்டு, அப்புறம் சோம்பேறித்தனத்தில் மேஜையிலேயே போட்டுவிட்டேன். அதை இத்தனை நாள் எடுத்து வைத்திருந்திருக்கிறாள், மகராசி.

சாயங்காலம் இரண்டு பேரும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகையோடு போனோம். கம்பி வாசல் சுவரில் சாய்ந்திருந்தது. அதைத் தாண்டிப் போய்த் தட்டை நீட்டினேன். இதற்காக வாயைத் திறந்து அவர் திட்டினாலும் போதும் என்றிருந்தது. அண்ணன் மதினியைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாக நின்று தட்டை வாங்கினார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரிகையை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். அழைப்பவர்கள் வரிசையில் முதலில் இருந்த தன் பெயரில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு மடித்துத் தட்டில் வைத்துவிட்டு, நாலு வருஷத்துக்கு முன்னால் முடிந்துபோன கல்யாணத்துக்கு என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"சந்தோசம்லே. நாங்க முந்துன நாளே வந்துருதோம்."